பிஎச்பிமைஅட்மின்: சர்வரில் நிறுவுவதும் பக்கத்தைப் பூட்டி வைப்பதும்

வேர்ட்பிரஸ் தளம், கடையின் ஸ்டாக் கணக்கு, பள்ளியின் அட்மிஷன் படிவம் என்று எதை எடுத்தாலும் பின்னால் பெரும்பாலும் ஒரு மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம் இருக்கும். அதற்கென்று திரை, மெனு, பட்டன் எதுவும் கிடையாது. டெர்மினலில் எஸ்க்யூஎல் கட்டளை அடித்துத்தான் அதனிடம் வேலை வாங்க வேண்டும். அந்த வேலையைப் பிரவுசருக்குள் கொண்டுவரும் கருவிதான் பிஎச்பிமைஅட்மின். டேபிள்களைத் திறந்து பார்க்கலாம், ஒரு வரியைத் திருத்தலாம், பேக்கப் எடுக்கலாம், வேறொரு சர்வரில் எடுத்த பேக்கப்பை ஏற்றலாம். 1998இல் டோபியாஸ் ராட்ஷில்லர் தொடங்கிய திட்டம் இது. 2001இல் வேறு மூன்று பேர் கைக்கு மாறி, இன்றுவரை கட்டற்ற மென்பொருளாக வந்துகொண்டிருக்கிறது.

நிறுவுவது சுலபம். லாகின் பக்கம் திறந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. அது ஏன் என்று புரிந்துகொள்ள, இந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

உள்ளே நடப்பது

பிஎச்பிமைஅட்மின் ஒரு தரவுத்தளம் அல்ல. அதற்குச் சொந்தமாகப் பயனர் பட்டியலும் இல்லை. லாகின் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே மைஎஸ்க்யூஎல்லிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மைஎஸ்க்யூஎல் ஏற்றுக்கொண்டால் உள்ளே விடுகிறது. உள்ளே போனபின் நீங்கள் செய்யக்கூடியதெல்லாம் அந்த மைஎஸ்க்யூஎல் கணக்குக்குக் கொடுத்த உரிமையைப் பொறுத்தது. ரூட் கணக்கில் நுழைந்தால் சர்வரில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களும் உங்கள் கையில். ஒரே ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை பெற்ற கணக்கில் நுழைந்தால் அது மட்டும்தான் கண்ணில் படும்.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் நிறுவியதும் அது 127.0.0.1 என்ற முகவரியில், 3306 என்ற போர்ட்டில் மட்டும் காது கொடுக்கும். அதாவது அதே மெஷினுக்குள்ளிருந்து வரும் அழைப்பைத்தான் எடுக்கும். வெளியிலிருந்து யாரும் நேராகத் தொட முடியாது. பிஎச்பிமைஅட்மினை நிறுவியதும் இந்தக் காப்பு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. பிஎச்பிமைஅட்மினை ஓட்டும் பிஎச்பி மொழி அதே மெஷினில் ஓடுவதால், உலகத்தின் எந்த மூலையிலிருந்து லாகின் பக்கத்தைத் திறந்தாலும், மைஎஸ்க்யூஎல்லின் பார்வையில் வந்திருப்பது உள்வீட்டு ஆள்தான். லோக்கல்ஹோஸ்ட் என்று கட்டுப்படுத்திய கணக்கும் அங்கே திறந்துகொள்ளும். பின்கட்டில் இருந்த பீரோவைத் தூக்கித் திண்ணையில் வைத்த மாதிரி. பூட்டு அதேதான், இடம் மாறிவிட்டது.

இந்தப் பக்கத்தைத் தேடி அலைவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. பொது ஐபி உள்ள எந்த சர்வரிலும், பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி என்ற வெப் சர்வரின் லாக்கைத் திறந்தாலும், பிஎச்பிமைஅட்மின், பிஎம்ஏ, மைஎஸ்க்யூஎல் என்ற பெயர்களில் இல்லாத பக்கங்களைக் கேட்டு 404 (பக்கம் இல்லை என்ற பதில்) வாங்கிய வரிகளைப் பார்க்கலாம். ஆகவே பாஸ்வேர்ட் எவ்வளவு கடினம் என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பக்கம் யார் யாருக்குத் திறக்கிறது என்பதே முதல் கேள்வி. இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

நிறுவுதல்

உபுண்டு 22.04 அல்லது 24.04 சர்வரில் அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் மூன்றும் ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம்; டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் ‘சூடோ ஏபிடி அப்டேட்’. பிறகு ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் பிஎச்பிமைஅட்மின்’. கூடவே பிஎச்பியின் எம்பிஸ்ட்ரிங், ஜிப், ஜிடி, கர்ல் ஆகிய நீட்சிகளையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். எம்பிஸ்ட்ரிங் இல்லாவிட்டால் தமிழ் போன்ற பல-பைட் எழுத்துகளைச் சரியாகக் கையாள முடியாது. ஜிப் இல்லாவிட்டால் சுருக்கிய பேக்கப்பை ஏற்ற முடியாது.

நடுவில் ஒரு திரை வந்து எந்த வெப் சர்வருக்கு அமைக்க வேண்டும் என்று கேட்கும். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. அப்பாச்சி2 என்ற பெயர் மீது கர்சர் நிற்பதால் அது தேர்வாகிவிட்டதுபோல் தெரியும், ஆனால் ஆகியிருக்காது. ஸ்பேஸ் பட்டனை அழுத்தி, பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி விழுந்ததைப் பார்த்த பிறகே டேப், பிறகு எண்டர். நட்சத்திரம் இல்லாமல் எண்டர் தட்டிவிட்டால் நிறுவல் எந்தப் பிழையும் காட்டாமல் முடியும். பக்கத்தைத் திறந்தால் மட்டும் 404 வரும். அப்படி ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதில்லை. ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் பிஎச்பிமைஅட்மின்’ என்று அடித்தால் அதே கேள்விகள் மறுபடி வரும்.

அடுத்த கேள்வி, டிபிகான்ஃபிக்-காமன் என்ற துணைக் கருவி மூலம் தரவுத்தளத்தை அமைக்கலாமா என்பது. ஆம் என்று சொல்லுங்கள். பிஎச்பிமைஅட்மின் தன் புக்மார்க், வரலாறு போன்ற சொந்தக் குறிப்புகளை வைத்துக்கொள்ள ஒரு சிறு தரவுத்தளமும், அதற்கு பிஎச்பிமைஅட்மின் என்ற பெயரிலேயே ஒரு மைஎஸ்க்யூஎல் கணக்கும் உருவாகும். இப்போது கேட்கும் பாஸ்வேர்ட் அந்த உள்கணக்குக்கானது, நீங்கள் தினமும் லாகின் செய்வதற்கானது அல்ல. காலியாக விட்டால் அதுவே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்படி விடுவதே நல்லது. ‘லாகின் ஆகிறது, ஆனால் என் தரவுத்தளங்களைக் காணோம்’ என்று பதறுபவர்களில் பலர் இந்த உள்கணக்கில் நுழைந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் 1819 என்ற எண்ணோடு, பாஸ்வேர்ட் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு பிழை வரலாம். மைஎஸ்க்யூஎல்லில் பாஸ்வேர்டின் வலிமையைச் சோதிக்கும் வேலிடேட் பாஸ்வேர்ட் என்ற உறுப்பை நீங்கள் முன்பே இயக்கியிருந்தால், தானாக உருவான பாஸ்வேர்டை அது ஏற்காமல் தள்ளிவிடுகிறது. நிறுவலை நிறுத்தி, மைஎஸ்க்யூஎல்லுக்குள் போய் ‘அன்இன்ஸ்டால் காம்போனென்ட்’ கட்டளையால் அந்த உறுப்பைக் கழற்றிவிட்டு, நிறுவலை மறுபடி ஓட்டி, பிறகு ‘இன்ஸ்டால் காம்போனென்ட்’ போட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். கடைசி வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

உபுண்டுவின் தொகுப்பு வழியாகப் போவதா, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஜிப் கோப்பை இறக்குவதா? புதியவர்களுக்குத் தொகுப்பே போதும். பதிப்பு கொஞ்சம் பழையதாக இருக்கும் (22.04இல் 5.1.1, 24.04இல் 5.2.1), ஆனால் கோப்புகளின் இடம், அனுமதிகள், குக்கியைப் பூட்டும் ரகசியச் சாவி எல்லாவற்றையும் அதுவே அமைத்துத் தருகிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இது உபுண்டு தொகுப்புகளில் சமூகம் பராமரிக்கும் யூனிவர்ஸ் பகுதியில் உள்ளது. மெயின் பகுதிக்குக் கிடைக்கும் பாதுகாப்புக் கவனம் இதற்குத் தானாகக் கிடைப்பதில்லை. உபுண்டு ப்ரோ இணைத்தால்தான் யூனிவர்ஸுக்கும் அந்தக் கவனம் வரும். பக்கத்தை வெளியுலகுக்குத் திறக்காமல் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிப் வழியில் போனால் மூன்று வேலைகள் உங்கள் தலையில். கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணையும் கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை: 2012 செப்டம்பரில் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற டவுன்லோட் தளத்தின் கொரிய மிரர் (நகல் சர்வர்) ஒன்றில் 3.5.2.2 பதிப்பின் ஜிப்புக்குள், வெளியாள் எந்த பிஎச்பி கட்டளையையும் ஓட்டக்கூடிய ஒரு கோப்பு செருகப்பட்டிருந்தது. அடுத்து, கான்ஃபிக் கோப்பில் ப்ளோஃபிஷ் சீக்ரெட் என்ற இடத்தில் சரியாக 32 பைட் நீளமுள்ள தற்செயல் எழுத்துக்கோவையைப் போட வேண்டும். நீளம் தவறினால் 5.2 பதிப்பு எச்சரிக்கை காட்டும். மூன்றாவதாக, செட்டப் என்ற ஃபோல்டரை நீக்கிவிட வேண்டும். 2009இல் இந்த செட்டப் பக்கத்தில் இருந்த ஓட்டை வழியாக (சிவிஇ-2009-1151) கான்ஃபிக் கோப்புக்குள்ளேயே பிஎச்பி நிரலை எழுத முடிந்தது, லாகின்கூடத் தேவைப்படவில்லை.

எக்ஸ்ஏஎம்பிபி வைத்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பாஸ்வேர்ட் கேட்காமலே பக்கம் திறக்கும். காரணம், அங்கே ஆத் டைப் என்ற அமைப்பு ‘கான்ஃபிக்’ என்று இருக்கிறது. ரூட் பெயரும் காலி பாஸ்வேர்டும் கோப்பிலேயே எழுதியிருக்கும். சொந்த லேப்டாப்பில் அது சௌகரியம். அதே கான்ஃபிக் கோப்பை சர்வருக்குக் காப்பி செய்து, அங்குள்ள கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதில் எழுதிவைத்தால், முகவரி தெரிந்த யாரும் அந்தக் கணக்கில் நுழைந்துவிடுவார்கள். சர்வரில் அந்த இடத்தில் ‘குக்கி’ என்றுதான் இருக்க வேண்டும்.

ரூட்டாக நுழைய முடியவில்லையே?

முடியாது, முடியவும் கூடாது. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லின் ரூட் கணக்கு பாஸ்வேர்டைப் பார்ப்பதில்லை. ஆத் சாக்கெட் என்ற ப்ளகின், அழைப்பது லினக்ஸின் ரூட் பயனர்தானா என்று மட்டும் பார்க்கும். பிரவுசர் வழியாக வரும் அழைப்பு அப்பாச்சியின் பயனர் பெயரில் வருவதால் 1698 பிழையோடு மறுத்துவிடும். ரூட் கணக்கைப் பாஸ்வேர்ட் முறைக்கு மாற்றச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும், அதைச் செய்யாதீர்கள். தற்செயலாகக் கிடைத்த நல்ல பூட்டு அது. அதைக் கழற்றுவதற்குப் பதில் தனிக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள்.

டெர்மினலில் ‘சூடோ மைஎஸ்க்யூஎல்’ என்று உள்ளே போய், ‘கிரியேட் யூசர்’ கட்டளையில் கடை_நிர்வாகி போல ஒரு பெயரை ஆங்கில எழுத்தில், லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் உருவாக்கலாம். பிறகு ‘கிராண்ட்’ கட்டளை. இங்கேதான் கவனம் வேண்டும். ‘கிராண்ட் ஆல் ஆன்’ என்பதற்கு அடுத்து நட்சத்திரம்-புள்ளி-நட்சத்திரம் போட்டால் எல்லாத் தரவுத்தளங்களுக்கும் உரிமை போய்விடும். தரவுத்தளத்தின் பெயர்-புள்ளி-நட்சத்திரம் என்று போட்டால் அந்த ஒன்றோடு நிற்கும். தன் உரிமையை மற்றக் கணக்குகளுக்கும் கொடுக்க விடும் ‘வித் கிராண்ட் ஆப்ஷன்’ சேர்க்க வேண்டாம்.

இந்தச் சிறு வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம்? மைஎஸ்க்யூஎல்லில் ஃபைல் என்று ஓர் உரிமை இருக்கிறது. அது இருந்தால் ‘செலக்ட்’ கட்டளையின் முடிவை ‘இன்டூ அவுட்ஃபைல்’ என்று சர்வரின் டிஸ்க்கில் கோப்பாக எழுதலாம். வெப் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி கோப்பை அப்படி எழுத முடிந்தால், தரவுத்தளத்தில் தொடங்கிய திருட்டு முழு சர்வரையும் விழுங்கிவிடும். ஃபைல் உரிமையை எல்லாத் தரவுத்தளங்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்க முடியும், தனித் தரவுத்தளத்துக்குக் கொடுக்க முடியாது. ஆகவே தரவுத்தளப் பெயரோடு நிறுத்திய கிராண்ட்டில் அது வரவே வராது. உபுண்டுவின் மைஎஸ்க்யூஎல்லில் செக்யூர் ஃபைல் ப்ரிவ் என்ற அமைப்பு, எழுதும் இடத்தை ஒரே ஃபோல்டருக்குள் அடக்கி வைக்கிறது. மரியாடிபியில் அந்தக் கட்டுப்பாடு இயல்பாக இல்லை. மரியாடிபி பயன்படுத்துபவர்கள் கிராண்ட் வரியை இரண்டு முறை படித்துவிட்டு எண்டர் தட்டலாம்.

இதோடு ரூட் பெயரில் வரும் முயற்சிகளையே பிஎச்பிமைஅட்மின் ஏற்காமல் செய்துவிடலாம். இடிசி-யில் (சர்வரின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம்) உள்ள பிஎச்பிமைஅட்மின் ஃபோல்டருக்குள் கான்ஃப்.டி என்றொரு துணை ஃபோல்டர் உண்டு. அதில் பிஎச்பி என்று முடியும் எந்தக் கோப்பைப் போட்டாலும் கான்ஃபிக்கோடு சேர்ந்து படிக்கப்படும். புதுக் கோப்பில் ‘அலவ்ரூட்’ அமைப்புக்கு ஃபால்ஸ் என்று கொடுங்கள். சர்வர் எண் வரும் இடத்தில் டாலர்-ஐ என்று எழுதாமல் 1 என்று நேராக எழுதுங்கள். டெபியன், உபுண்டு கான்ஃபிக்கில் இந்தக் கோப்பு படிக்கப்படும்போது அந்த ஐ ஏற்கெனவே அடுத்த எண்ணுக்குப் போயிருக்கும். நீங்கள் போட்ட தடை, இல்லவே இல்லாத இரண்டாவது சர்வருக்குப் போய்ச் சேரும். எழுதி முடித்ததும் ரூட் என்று ஒருமுறை லாகின் செய்து பாருங்கள், மறுப்புச் செய்தி மாறியிருக்க வேண்டும். இந்தத் தடை ரூட் என்ற பெயரை மட்டுமே பார்க்கும். எல்லா உரிமையும் கொடுத்து அட்மின் என்று வேறொரு கணக்கு வைத்திருந்தால் அதைத் தடுக்காது.

பக்கத்தை வெளியே காட்டாமல் பயன்படுத்துவது

எங்கள் பரிந்துரை இதுதான்: சர்வருக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து டெர்மினலில் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் போகத் தெரிந்தவர் மட்டுமே பயன்படுத்துகிறார் என்றால், பிஎச்பிமைஅட்மின் பக்கத்தை இணையத்தில் காட்டவே வேண்டாம். எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகத் திறந்துகொள்ளலாம். லாகின் பக்கமே கண்ணில் படாவிட்டால் பாஸ்வேர்டை ஊகிக்கவும் முடியாது, நாளை கண்டுபிடிக்கப்படும் ஓட்டையைப் பயன்படுத்தவும் முடியாது.

தொகுப்பு நிறுவும்போது, சர்வரில் உள்ள எல்லாத் தளங்களிலும் பிஎச்பிமைஅட்மின் என்ற முகவரி திறக்கும்படி அப்பாச்சியில் ஒரு பொது அமைப்பு சேர்ந்துவிடும். முதலில் அதை ‘சூடோ ஏ2டிஸ்கான்ஃப் பிஎச்பிமைஅட்மின்’ என்று அணைத்துவிடுங்கள். பிறகு அப்பாச்சியின் போர்ட்ஸ் கோப்பில் ‘லிசன் 127.0.0.1:8080’ என்ற வரியைச் சேருங்கள். அதே முகவரிக்கும் போர்ட்டுக்கும் ஒரு புது விர்ச்சுவல் ஹோஸ்ட் (அப்பாச்சிக்குள் தனித் தளத்துக்கான அமைப்பு) கோப்பு எழுதி, அதற்குள் ‘இன்க்ளூட்’ வரி மூலம் இடிசி/பிஎச்பிமைஅட்மின்/அப்பாச்சி.கான்ஃப் கோப்பை இழுத்துக்கொள்ளுங்கள். ‘ஏ2என்சைட்’ கட்டளையால் அந்த ஹோஸ்டை இயக்கி, ‘அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்’ போட்டு ‘சின்டாக்ஸ் ஓகே’ வந்ததைப் பார்த்து, அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். லிசன் வரியை மாற்றியிருப்பதால் ரீலோடை நம்பாமல் ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது.

இப்போது உங்கள் லேப்டாப்பில் ‘எஸ்எஸ்எச் -எல் 8888:127.0.0.1:8080’ என்று அடித்து, அதைத் தொடர்ந்து பயனர் பெயர், அட் குறி, சர்வர் முகவரி கொடுங்கள். எல் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். பொருள் இதுதான்: என் லேப்டாப்பின் 8888 போர்ட்டில் வருவதை எல்லாம் எஸ்எஸ்எச் வழியாகக் கொண்டுபோய் சர்வரின் உள்ளேயிருக்கும் 8080இல் கொடு. அந்த டெர்மினலை மூடாமல் வைத்துக்கொண்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8888/பிஎச்பிமைஅட்மின் என்று போனால் லாகின் பக்கம் வரும். விண்டோஸ் 10, 11இல் பவர்ஷெல்லிலேயே இந்தக் கட்டளை ஓடும். புட்டி பயன்படுத்தினால் கனெக்‌ஷன், எஸ்எஸ்எச், டனல்ஸ் என்று போய் சோர்ஸ் போர்ட், டெஸ்டினேஷன் இரண்டையும் நிரப்பி ‘ஆட்’ பட்டனை அழுத்த வேண்டும். ஆட் அழுத்தாமல் ஓபன் கொடுத்தால் சுரங்கம் இல்லாத வெறும் இணைப்புதான் கிடைக்கும்.

‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று வந்தால் உங்கள் லேப்டாப்பில் 8888ஐ வேறு ஏதோ பிடித்திருக்கிறது. வேறு எண் போடுங்கள். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால் சர்வரில் 8080இல் யாரும் கேட்கவில்லை. அப்பாச்சி அமைப்பைப் பாருங்கள்.

தனி விர்ச்சுவல் ஹோஸ்ட் எதற்கு, 80க்கே சுரங்கம் போட்டு ‘ரிக்வயர் லோக்கல்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். சில சர்வர்களில் போதும். ஆனால் பெரும்பாலான தளங்களில் 80க்கு வருவதை எல்லாம் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிடும் அமைப்பு இருக்கும். அப்போது பிரவுசர் சுரங்கத்தை விட்டுப் பொது முகவரிக்குத் தாவிவிடும், அங்கே 403 (அனுமதி இல்லை என்ற பதில்) வரும். இதைவிட மோசமான நிலை இன்னொன்று உண்டு. அதே மெஷினில் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர், பின்னால் அப்பாச்சி என்று வைத்திருந்தால், அப்பாச்சிக்கு வரும் எல்லா அழைப்பும் 127.0.0.1இலிருந்தே வந்ததாகத் தெரியும். ரிக்வயர் லோக்கல் அப்போது உலகம் முழுவதையும் உள்ளே விட்டுவிடும்.

முடித்ததும் சோதிக்க வேண்டும். சர்வரில் ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ அடித்தால் 8080க்கு எதிரே 127.0.0.1 என்று இருக்க வேண்டும், நட்சத்திரமோ 0.0.0.0வோ இருந்தால் லிசன் வரி தவறு. மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் உங்கள் தளத்தின் பிஎச்பிமைஅட்மின் முகவரியைத் திறந்து பாருங்கள். 404 வந்தால் சரி.

வெளியே திறந்தே ஆக வேண்டும் என்றால்

எஸ்எஸ்எச் பழக்கம் இல்லாத கணக்காளரோ, அலுவலகத்தில் நாலைந்து பேரோ பயன்படுத்தும் நிலை வரும். அப்போது ஒரே பூட்டை நம்பாமல், எச்டிடிபிஎஸ், முன்பாஸ்வேர்ட், ஐபி கட்டுப்பாடு மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும்.

எச்டிடிபிஎஸ் இல்லாமல் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம். செர்ட்பாட் கருவி அதை வாங்கி, காலாவதியாகும் முன் தானே புதுப்பிக்கும்.

முன்பாஸ்வேர்ட் என்பது பிஎச்பிமைஅட்மினின் லாகின் பக்கம் வருவதற்கு முன்பே அப்பாச்சி கேட்கும் பாஸ்வேர்ட். பிஎச்பி நிரலில் ஓட்டை இருந்தாலும், இந்தக் கேள்வியைத் தாண்டாதவர் அந்த நிரலைத் தொடவே முடியாது. அதுதான் இதன் பெரிய பயன். ‘எச்டிபாஸ்வேர்ட்’ என்ற கட்டளையால் பாஸ்வேர்ட் கோப்பை உருவாக்கலாம் (கட்டளையின் பெயரில் பாஸ்வேர்ட் என்பது பிஏஎஸ்எஸ்டபிள்யூடி என்று சுருங்கியிருக்கும்). பெரிய பி கொடுத்தால் வலுவான பிக்ரிப்ட் முறையில் சேமிக்கும். முதல் ஆளைச் சேர்க்கும்போது மட்டும் சிறிய சி கொடுக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்கும் சி கொடுத்தால் கோப்பைப் புதிதாக எழுதிவிடும், முதல் ஆள் காணாமல் போவார். கோப்பை வெப் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள்.

ஐபி கட்டுப்பாடு அப்பாச்சி 2.4இல் ‘ரிக்வயர் ஐபி’ என்ற வரி. இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ‘ரிக்வயர் ஐபி’ ஒரு வரி, ‘ரிக்வயர் வேலிட்-யூசர்’ ஒரு வரி என்று அடுத்தடுத்து எழுதினால் இரண்டும் தேவை என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்பாச்சியின் கணக்கு வேறு: தனியாக விட்ட ரிக்வயர் வரிகளில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே உள்ளே விட்டுவிடும். அதாவது ஐபி சரியாக இருந்தால் பாஸ்வேர்டே கேட்காது. பாஸ்வேர்ட் தெரிந்தால் எந்த ஐபியும் போதும். இரண்டும் வேண்டுமானால் அந்த வரிகளை ‘ரிக்வயர்ஆல்’ என்ற உறைக்குள் போட வேண்டும். எழுதிய பிறகு வேறு இணைப்பிலிருந்து சரியான பாஸ்வேர்டோடு முயன்று, மறுக்கிறதா என்று பார்த்தால்தான் நம்பலாம்.

வீட்டு பிராட்பேண்டிலும் மொபைல் டேட்டாவிலும் ஐபி அடிக்கடி மாறும். நேற்று திறந்த பக்கம் இன்று 403 என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஐபிவி4 எண்ணை மட்டும் அனுமதித்துவிட்டு, பிரவுசர் ஐபிவி6இல் போவதாலும் இதே 403 வரும். கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைச் சேவைக்குப் பின்னால் தளம் இருந்தால் அப்பாச்சிக்குத் தெரிவது அந்தச் சேவையின் ஐபிதான். வந்தவரின் உண்மையான ஐபியை அப்பாச்சிக்குக் காட்டும் மாட் ரிமோட்ஐபி-யைச் சரியாக அமைக்காமல் ஐபி கட்டுப்பாட்டில் பொருளில்லை. நிலையான ஐபி இல்லாத அலுவலகத்துக்கு விபிஎன் ஒன்று அமைத்து, அதன் முகவரியை மட்டும் அனுமதிப்பதே நீடித்து நிற்கும் வழி.

என்ஜின்எக்ஸ் பயன்படுத்துபவர்கள் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். பிஎச்பிமைஅட்மின் ஃபோல்டருக்கு ஒரு லொகேஷன் பகுதி எழுதி அதில் முன்பாஸ்வேர்ட் வைத்திருப்பீர்கள். பிஎச்பி கோப்புகளுக்கென்று வடிவம் பார்த்துப் பிடிக்கும் இன்னொரு லொகேஷன் பகுதி வெளியே இருக்கும். என்ஜின்எக்ஸ் அந்த இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். ஃபோல்டர் முகவரிக்குப் பாஸ்வேர்ட் கேட்கும், ஆனால் முகவரியின் முடிவில் இண்டெக்ஸ்.பிஎச்பி என்று சேர்த்து அடித்தால் கேட்காமலே திறந்துகொள்ளும். பிஎச்பி பகுதியை முதல் லொகேஷனுக்குள்ளேயே வைத்து, முதல் லொகேஷனின் முன்னால் கூரைக்குறியும் அலைக்குறியும் சேர்த்துப் போட்டால் இது சரியாகும். ஃபோல்டருக்குள் அப்பாச்சி விதிகளை வைக்கும் எச்டிஆக்சஸ் கோப்பு என்ஜின்எக்ஸில் வேலையே செய்யாது.

முகவரியின் பெயரை மாற்றுவது பற்றி அடிக்கடி பேசுகிறார்கள். மாற்றுங்கள், லாக்கில் இரைச்சல் குறையும். ஆனால் அதைக் காப்பு என்று எண்ண வேண்டாம். பிரவுசர் வரலாறு, பகிர்ந்த ஸ்கிரீன்ஷாட் எதிலிருந்தும் அந்தப் பெயர் வெளியே வந்துவிடும். அதைவிட, தொடர்ந்து தோற்கும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் என்ற கருவி பயன் தரும். தோற்ற லாகின் முயற்சிகளை பிஎச்பிமைஅட்மின் சிஸ்லாக்கில் (சர்வரின் பொது லாக்) எழுதும். அதைப் படித்துத் தடை போடுவதற்கான ஜெயில் (தடை விதி) ஃபெயில்2பேனிலேயே பிஎச்பிமைஅட்மின்-சிஸ்லாக் என்ற பெயரில் இருக்கிறது, இயக்கினால் போதும்.

தினசரிப் பயன்பாட்டில் வரும் தொல்லைகள்

பேக்கப் கோப்பை ஏற்றும்போது 2 எம்பிக்கு மேல் போகாது என்று மறுத்தால் அது பிஎச்பியின் இயல்பு வரம்பு. அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ், போஸ்ட் மேக்ஸ் சைஸ் இரண்டையும் உயர்த்த வேண்டும். இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருக்கட்டும். மாற்றியும் பலன் இல்லை என்றால் சிஎல்ஐ ஃபோல்டரில் உள்ள பிஎச்பி.ஐஎன்ஐ-யைத் திருத்தியிருப்பீர்கள், அப்பாச்சி2 ஃபோல்டரில் உள்ளதுதான் வேண்டியது. திருத்தியபின் அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் 50 எம்பியைத் தாண்டும் கோப்பைப் பிரவுசரில் ஏற்றுவது வீண் போராட்டம். பாதியில் நேரம் தீர்ந்து, சில டேபிள்கள் மட்டும் ஏறி நிற்கும். எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு அனுப்பும் கட்டளை) மூலம் சர்வருக்கு அனுப்பி, மைஎஸ்க்யூஎல் கட்டளைக்குள் நேராகச் செலுத்துவதே சரி. அப்படி அனுப்பிய கோப்பை வெப் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். இவ்வளவு பூட்டுப் போட்டுவிட்டு, முழுத் தரவும் அடங்கிய பேக்கப்.எஸ்க்யூஎல் கோப்பு யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யும்படி கிடந்தால் என்ன பயன்?

இருபது சொச்சம் நிமிடம் சும்மா விட்டால் வெளியே தள்ளிவிடுகிறது என்பது அடுத்த புகார். லாகின் குக்கியின் ஆயுள் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். இதை உயர்த்தும்போது பிஎச்பியின் செஷன் ஜிசி மேக்ஸ்லைஃப்டைம் அமைப்பையும் உயர்த்தாவிட்டால் எச்சரிக்கை காட்டும், பலனும் இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

‘டெம்ப்டிர்’ அணுக முடியவில்லை என்று கீழே ஒரு செய்தி வந்தால், தற்காலிகக் கோப்புகளுக்கான ஃபோல்டரில் அப்பாச்சியின் பயனருக்கு எழுத அனுமதி இல்லை. அந்த ஃபோல்டரின் உரிமையாளரை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்று மாற்றினால் போதும். 777 அனுமதி கொடுக்கத் தேவையில்லை.

வேறு கருவிகளும் நீக்கமும்

அட்மினர் என்றொரு கருவி உண்டு; ஒரே ஒரு பிஎச்பி கோப்பு, போட்டவுடன் ஓடும். அந்தச் சுலபமே அதற்குப் பகை: வேலை முடிந்ததும் மறந்துபோய் வெப் ஃபோல்டரிலேயே கிடக்கும். 4.6.3க்கு முந்தைய பதிப்புகளில், தாக்குபவர் தன்னுடைய மைஎஸ்க்யூஎல் சர்வருக்கு அதை இணைக்க வைத்து, உங்கள் சர்வரின் கோப்புகளைப் படித்துவிட முடிந்தது. பிஎச்பிமைஅட்மினுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

ஒருவர் மட்டுமே, தன் சொந்தக் கணினியிலிருந்து மட்டுமே வேலை செய்கிறார் என்றால் சர்வரில் எதையும் நிறுவாமலும் இருக்கலாம். டிபீவர், ஹெய்டிஎஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச் மூன்றிலும் எஸ்எஸ்எச் சுரங்க வசதி உள்ளேயே இருக்கிறது.

பிஎச்பிமைஅட்மினை நீக்கும்போது ‘ஏபிடி ரிமூவ்’ கான்ஃபிக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘ஏபிடி பர்ஜ்’ அவற்றையும் எடுத்துவிடும், அதன் சிறு தரவுத்தளத்தை அழிக்கலாமா என்றும் கேட்கும். நீங்கள் கையால் உருவாக்கியவை மட்டும் அப்படியே இருக்கும்: 8080க்கான விர்ச்சுவல் ஹோஸ்ட் கோப்பு, லிசன் வரி, முன்பாஸ்வேர்ட் கோப்பு, கடை_நிர்வாகி கணக்கு. விர்ச்சுவல் ஹோஸ்டை முதலில் ‘ஏ2டிஸ்சைட்’ போட்டு அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்க்ளூட் வரி தேடும் கோப்பு போய்விட்டதால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அப்பாச்சி எழும்பாது, எல்லாத் தளங்களும் சேர்ந்து விழும். கடைசியாக மைஎஸ்க்யூஎல்லுக்குள் போய் அந்தக் கணக்கை ‘ட்ராப் யூசர்’ போட்டு எடுத்துவிடுங்கள்.